ஐந்து ஆண்டில் திரும்பிவிடலாம்: பிரிட்டனின் மேற்கிந்தியக் குடும்பங்களும் அவர்களின் வீட்டுச் சிரிப்பும்

பல பத்தாண்டுகளாகப் பிரிட்டனில் வாழ்ந்துவந்த மேற்கிந்தியர்களிடம் குடியுரிமைச் சான்று கேட்டு, சிலரை நாடு கடத்திய விண்ட்ரஷ் விவகாரம் 2018ஆம் ஆண்டு உலகச் செய்தியானது. அதன்பின் பிரிட்டனில் குடியேறிய மேற்கிந்தியக் குடும்பங்களைப் பற்றி வரும் கட்டுரைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது: ஒரு முடிதிருத்தகத்தில் நடக்கும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர், பூட்டி வைத்த ஒரு முன்னறை, அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் ஒரு பெட்டி ஆகியவற்றை அங்கே வரலாற்றுச் சான்றுகளைப் போல மேற்கோள் காட்டுகிறார்கள். குடியுரிமை பற்றிய ஒரு விவகாரத்தில் வீட்டுக்குள் நடந்த சில்லறைச் சிக்கல்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி நம் வாசகருக்கு எழுவது இயல்பு. அந்தச் சிக்கல்களுக்குப் பின்னால் சட்டமும் வாடகையும் சம்பளமும் கப்பல் கட்டணமும் இருக்கின்றன என்பதையும், ஏறக்குறைய எல்லாமே தவறிப்போன ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரைக் கிரிக்கெட் அணியின் வழியாகவே நம்மில் பலர் அறிவோம். அது ஒரு நாடு அன்று. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கிரெனடா, செயின்ட் லூசியா போன்ற தீவுகளும், தென்னமெரிக்கப் பெருநிலத்தில் இருந்தாலும் பண்பாட்டால் அவற்றோடு சேர்த்தே எண்ணப்படும் கயானாவும் இதில் அடங்கும். மக்களில் பெரும்பான்மையோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். கயானாவிலும் டிரினிடாடிலும் 1838க்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களில் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் உண்டு.

1948 ஜூன் 22 அன்று லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரி துறைமுகத்தில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பலிலிருந்து பல நூறு மேற்கிந்தியப் பயணிகள் இறங்கினர். ஜமைக்காவிலிருந்து அதில் வருவதற்கான மலிவுக் கட்டணம் 28 பவுண்டு 10 ஷில்லிங். இந்தக் கப்பலின் பெயராலேயே, 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை வந்தவர்களை விண்ட்ரஷ் தலைமுறை என்கிறார்கள். அவர்கள் அயல்நாட்டாராக வரவில்லை. அப்போது அந்தத் தீவுகள் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளாக இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் அவர்களுக்கு, லண்டனில் பிறந்தவருக்கு உள்ள அதே குடியுரிமையை வழங்கியது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவன எல்லாம் புரியும்.

அடிப்படைக் கணக்கு

போருக்குப் பின் பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. தீவுகளிலோ வேலை இல்லை. 1951இல் ஒரு கடும் புயல் ஜமைக்காவைச் சிதைத்தது. 1952இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் மேற்கிந்தியர் அங்கே செல்லும் வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. லண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படோசுக்கே நேரில் சென்று நடத்துநர்களையும் நிலையப் பணியாளர்களையும் தேர்ந்தெடுத்தது. மருத்துவமனைகள் செவிலியர் பயிற்சிக்குப் பெண்களை அழைத்தன. 1951இல் பிரிட்டனில் ஏறத்தாழ 15,000 பேராக இருந்த கரீபியப் பிறப்பினர் 1961இல் சுமார் 1,70,000 ஆயினர்.

அவர்களில் பலரும் ஒரே கணக்கோடுதான் புறப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் உழைப்பது, பணம் சேர்ப்பது, ஊருக்குத் திரும்பி ஒரு வீடு கட்டுவது. அதனால் கொண்டுவந்த பெட்டியை அவர்கள் முழுதாகப் பிரிப்பதில்லை. அது அலமாரியின் மேல் தயாராக இருக்கும். குடும்பத்தில் எந்தச் செலவு வந்தாலும் ‘திரும்பப்போகிறோமே, எதற்கு’ என்ற எதிர்ப்பும் ‘இருக்கிறவரை மனிதராக இருக்க வேண்டாமா’ என்ற பதிலும் மோதிக்கொள்ளும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று இந்த வழக்கை முப்பது ஆண்டுகள் நடத்திய வீடுகள் உண்டு. மேற்கிந்தியக் குடும்ப நகைச்சுவையின் ஊற்று இதுதான். தற்காலிகம் என்று நினைத்து நடத்திய வாழ்க்கை தன்னையறியாமல் நிரந்தரமாகிவிட, வீட்டிலுள்ளோர் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

வீட்டுக்குள் எழுந்த சிக்கல்கள்

1. அறையும் அடுப்பும். தொடக்கத்தில் குடும்பம் முழுவதும் ஒரே வாடகை அறையில் வாழ்ந்தது. கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று சன்னலில் எழுதி வைப்பது 1968ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் வரும்வரை சட்டவிரோதமில்லை. 1965இல் வந்த முதல் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது. எனவே கிடைத்த அறைக்குக் கேட்ட வாடகையைக் கொடுக்க நேர்ந்தது. சமையலுக்கு மாடிப்படித் திருப்பத்தில் ஒரே அடுப்பு. அதைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். எரிவாயு மீட்டரில் ஷில்லிங் நாணயம் போட்டால்தான் அடுப்பு எரியும். ஒருவர் போட்ட நாணயத்தில் மற்றவர் சோறு பொங்கிவிட்டார் என்ற சண்டை எழாத வீடு அரிது. குளிருக்குப் பாரஃபின் என்னும் மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் வாடை உடையில் ஏறி, பேருந்திலும் தேவாலயத்திலும் கூடவே வரும்.

2. பார்ட்னர். வங்கிகள் இவர்களுக்கு வீட்டுக்கடன் தரத் தயங்கின. மாற்றாக அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த முறை நமக்கு மிகவும் தெரிந்த சீட்டுதான். இருபது பேர் வாரம் ஐந்து பவுண்டு போட்டால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் நூறு பவுண்டை எடுத்துக்கொள்வார். ஜமைக்காவில் இதன் பெயர் பார்ட்னர், டிரினிடாடில் சூசூ, பார்படோசில் மீட்டிங் டர்ன், கயானாவில் பாக்ஸ் ஹேண்ட். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. சீட்டு நடத்தும் பெண்மணியின் நற்பெயரே பிணை. முதல் முறை யாருக்கு, கப்பல் சீட்டு வாங்கவேண்டியவருக்கா வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டியவருக்கா என்ற வாதம், வாரத் தவணையைக் கட்டாமல் தேவாலயத்தில் கண்ணில் படாமல் ஒதுங்கும் உறவினர், அவரைத் தேடிப்பிடிக்கும் சீட்டுக்காரம்மாள் என்று இதைச் சுற்றி எண்ணற்ற வேடிக்கைக் கதைகள் உண்டு. ஆனால் லண்டனின் பிரிக்ஸ்டனிலும் நாட்டிங் ஹில்லிலும் முதல் தலைமுறையினர் வீடு வாங்கியதில் இந்தச் சீட்டுப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டு அந்தக் கதைகளைக் கேட்கக்கூடாது.

3. முன்னறை. வீடு வாங்கியதும் குடும்பம் செய்த முதல் காரியம், தெருவைப் பார்த்த அறையை யாரும் பயன்படுத்தாதபடி அலங்கரித்து வைத்ததாகும். மேலோட்டமாகப் பார்த்தால் இது விந்தை. மாடி அறைகளில் வாடகைக்கு ஆட்களை வைத்திருப்பார்கள். பிள்ளைகள் மூவர் ஒரே கட்டிலில் படுப்பார்கள். கீழே ஓர் அறை முழுதும் காலியாக இருக்கும். அதன் சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை. கோடையில் அதில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைக் கரைசலில் நனைத்து விறைப்பாக்கிய குரோஷே பின்னல் விரிப்புகள், நெகிழிப் பூக்கள், வண்ணக் கண்ணாடி மீன், இயேசுவின் இறுதி இராவுணவுப் படம், ஊரின் வரைபடம் தீட்டிய வெல்வெட் துணி, இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக மரப்பெட்டியில் வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்து அமைந்த ரேடியோகிராம். ஞாயிற்றுக்கிழமை அதில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்சின் பாட்டு மெதுவாக ஒலிக்கும். போதகரும் விருந்தினரும் மட்டுமே உள்ளே போகலாம். பிள்ளைகள் தூசி தட்டத்தான் நுழைய முடியும், அதுவும் அடி வாங்கும் அபாயத்தோடு.

இதற்குக் காரணம் இரண்டு. ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தின் விருந்தறைப் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீவுகளுக்குச் சென்று, அங்கே மரியாதையின் அடையாளமாக ஊன்றிவிட்டிருந்தது. அது லண்டனுக்குத் திரும்பி வந்தபோது அங்குள்ள ஆங்கிலேயருக்கே பழையதாகியிருந்தது. இரண்டாவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒரே அறையில் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்ற ஒரு குடும்பத்துக்கு, எந்த வேலைக்கும் பயன்படாத ஓர் அறை இருப்பதே தான் எழுந்து நின்றுவிட்டதற்கான சான்று. பகலில் மருத்துவமனையில் தரை துடைத்த பெண் அந்த அறையில் சீமாட்டியாக அமர்ந்தாள். கலைஞரும் எழுத்தாளருமான மைக்கேல் மெக்மில்லன் 2005இல் லண்டன் ஜெஃப்ரி அருங்காட்சியகத்தில் இத்தகைய ஒரு முன்னறையை மறுபடி அமைத்துக் காட்டினார். இன்று ‘மியூசியம் ஆஃப் தி ஹோம்’ எனப் பெயர் மாறியுள்ள அந்நிறுவனத்தில் அவர் அமைத்த 1970களின் முன்னறை ஒன்று இருக்கிறது.

4. தீவுக்குத் தீவு. ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கும் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் இடையே சுமார் 1,800 கிலோமீட்டர் கடல். இரு ஊராரும் லண்டனில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஆங்கிலேயர் எல்லாரையும் ஜமைக்கர் என்று அழைத்தார்கள். ஜமைக்கர் மற்றவர்களைச் சிறுதீவார் என்று ஏளனம் செய்தார்கள். மகள் பார்படோஸ் பையனைக் கைப்பிடிக்க விரும்பினால் ஜமைக்கத் தந்தை அதை ஊர்மானப் பிரச்சினையாக்குவார். உணவு இன்னொரு போர்க்களம். ராஜ்மா பயற்றைத் தேங்காய்ப்பாலில் சேர்த்து ஆக்கிய சோறா, டிரினிடாட் ரொட்டியும் கறியுமா, மரவள்ளிச் சாற்றில் இறைச்சியைக் கொதிக்கவைக்கும் கயானாவின் பெப்பர்பாட்டா என்ற பூசல் திருமண வீட்டில் கட்டாயம் கிளம்பும். இந்தத் தீவுகளை ஒரே கூட்டரசாக்க 1958இல் தொடங்கிய முயற்சி 1962இல் முறிந்தது. அரசியல் செய்ய முடியாததை லண்டனின் வாடகை வீடுகள் மெல்லச் செய்து முடித்தன. மேற்கிந்தியர் என்ற பொது உணர்வு பெருமளவு அங்கே உருவானதுதான்.

5. பின்னால் வந்த பிள்ளைகள். இங்கே சிரிப்பு சட்டென்று தொண்டையில் சிக்கும். ஐந்தாண்டுக் கணக்குப்படி பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு வந்தவர்கள், திரும்ப முடியாதபோது அவர்களை ஒவ்வொருவராக வரவழைத்தார்கள். பத்து வயதில் வந்திறங்கிய பிள்ளை, நிலையத்தில் நிற்பவர்களில் தன் தாய் யார் என்று புகைப்படத்தை வைத்துத் தேட வேண்டியிருந்தது. வீட்டில் பிரிட்டனிலேயே பிறந்த தம்பி தங்கையர் இருந்தனர். அவர்கள் இவனுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தனர். பள்ளியிலோ தீவுகளின் கலப்புப் பேச்சு வழக்கான கிரியோல் மொழியில் பேசிய பிள்ளைகளை அறிவு வளர்ச்சி குன்றியவர்களாக வகைப்படுத்தித் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினர். கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் 1971இல் வெளியிட்ட சிறுநூல் இந்த அநீதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பெற்றோர் சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாங்களே நடத்தத் தலைப்பட்டனர். மறுபுறம், அடங்காத பிள்ளைக்கு ‘உன்னை ஊருக்கே அனுப்பிவிடுவேன்’ என்பதுதான் கடைசி மிரட்டல். அந்த ஊரைப் பார்த்தேயிராத பிள்ளைக்கு அது சிறைத்தண்டனை போல ஒலித்தது. சொல்லும் தந்தைக்கோ அதுவே வாழ்நாள் கனவு.

எழுத்தில் முதலில் வந்தது

இந்த வாழ்க்கையின் சிரிப்பையும் துயரத்தையும் பிரிக்காமல் முதலில் எழுதிக்காட்டியவர் சாம் செல்வன். அவர் டிரினிடாடில் பிறந்தவர். அவருடைய தந்தை சென்னையிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் இன்னும் பரவலாக அறியாதது வருத்தத்துக்குரியது. 1956இல் வெளியான ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ நாவலில் ஒரு காட்சி: டால்ராய் என்ற இளைஞன் தன் தாயை மட்டும் எதிர்பார்த்து வாட்டர்லூ நிலையத்துக்குச் செல்கிறான், அத்தை உட்பட ஒரு குடும்பமே இரயிலிலிருந்து இறங்குகிறது. பிறகு அந்த அத்தை, ஊர் வழக்கப்படி கடனுக்குப் பொருள் தரும்படி வெள்ளைக்கார மளிகைக் கடைக்காரரைப் பழக்கிவிடுகிறாள். கதை சொல்லும் குரலும் டிரினிடாட் பேச்சு வழக்கிலேயே அமைந்திருப்பதால், சிரிப்பு அம்மக்களுக்கு வெளியிலிருந்து வருவதில்லை.

தொலைக்காட்சியில் சிரிப்பின் திசை மாறியது

1960களிலும் 70களிலும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையில் மேற்கிந்தியர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரராகவே வந்தனர். வெள்ளைக்காரப் பாத்திரம் அவரை நிறத்தைச் சொல்லி ஏசும், அரங்கம் சிரிக்கும். ஏசுபவனின் அறியாமையைத்தான் கேலி செய்கிறோம் என்று தயாரித்தவர்கள் வாதிட்டனர். மறுநாள் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் மீது வீசப்பட்டவை அதே வசைகள்தாம் என்பதால் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்றம் மூன்று படிகளில் நடந்தது.

1. 1976இல் ஐடிவியில் வந்த ‘தி ஃபாஸ்டர்ஸ்’, முதன்மைப் பாத்திரங்கள் அனைவரும் கறுப்பினத்தவராக அமைந்த முதல் பிரிட்டிஷ் குடும்ப நகைச்சுவைத் தொடர். ஆனால் கதை ஓர் அமெரிக்கத் தொடரைத் தழுவியது. முகங்கள் மாறின, வீட்டின் வாசனை இன்னும் வரவில்லை.

2. 1978இல் பிபிசி ஒளிபரப்பிய ‘எம்பயர் ரோடு’ தொடரைக் கயானாவில் பிறந்த மைக்கேல் அபென்செட்ஸ் எழுதினார். பர்மிங்காமில் ஒரு தெரு, சில வீடுகளுக்குச் சொந்தக்காரரான ஒரு கயானாக்காரர், அவருடைய மகன் தெற்காசியப் பெண்ணைக் காதலிப்பதால் வரும் குழப்பம். சிக்கல் முதன்முறையாகக் குடும்பத்துக்குள்ளிருந்து எழுந்தது.

3. 1989 ஜனவரி முதல் 1994 டிசம்பர் வரை சேனல் 4இல் ஓடிய ‘டெஸ்மண்ட்ஸ்’ 71 பகுதிகளைக் கண்டது. அதை உருவாக்கிய டிரிக்ஸ் வொரல் செயின்ட் லூசியாவில் பிறந்தவர். தென்கிழக்கு லண்டனின் பெக்கம் பகுதியில் ஒரு முடிதிருத்தகம். அதன் உரிமையாளர் டெஸ்மண்ட் ஆம்ப்ரோஸ், மனைவி ஷெர்லி, மூன்று பிள்ளைகள், முடி வெட்டிக்கொள்ளாமலே நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நண்பர் போர்க்பை. டெஸ்மண்டின் ஒரே ஆசை கயானாவுக்குத் திரும்பி வீடு கட்டுவது. மூத்த மகன் வங்கி அதிகாரி. தந்தையின் தலைமுறைக்குக் கடன் மறுத்த வங்கிகளை எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு தகவலில் முப்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

இங்கே நிறவெறி மறைக்கப்படவில்லை. ஆனால் அது வேடிக்கைப் பொருளாகவும் இல்லை. ஆப்பிரிக்க மாணவர் மேத்யூவுக்கும் கரீபியப் பெரியவர்களுக்கும் நடக்கும் வாக்குவாதம், பழைய இசைக்குழு நாட்களைப் பற்றிய பெருமை, மகனின் பகட்டு என்று எந்த வீட்டிலும் நிகழக்கூடியவையே சிக்கல்கள். ‘நாமும் சாதாரணமானவர்கள்’ என்பதைப் பார்க்க ஒரு சமூகம் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது என்பதால்தான் அந்தத் தொடரை இவ்வளவு பற்றோடு நினைவுகூர்கிறார்கள். மூன்று தொடர்களிலும் தந்தையாக நடித்தவர் கயானாவில் பிறந்த நார்மன் பீட்டன் என்பதும் தற்செயலன்று. அந்தத் தலைமுறையின் முகமாகவே அவர் ஆகிவிட்டிருந்தார். 1994 டிசம்பரில் அவர் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் காலமானார்.

சட்டம் கணக்கை மாற்றிய விதம்

போக்குவரத்து தடையின்றி இருந்தவரை ஐந்தாண்டுக் கணக்குக்குப் பொருள் இருந்தது. 1962 ஜூலையில் நடைமுறைக்கு வந்த காமன்வெல்த் குடியேறிகள் சட்டம், வேலைக்கான அனுமதிச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கதவை மூடியது. ஆனால் ஏற்கெனவே பிரிட்டனில் இருப்பவர்களின் மனைவியும் பிள்ளைகளும் வர முடிந்தது. ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்கிவிட்டால் மறுபடி நுழைய முடியுமா என்ற அச்சம் பரவியது. குடியேற்றத்தைக் குறைக்க வந்த சட்டம், தற்காலிகமாகத் தங்கியிருந்த ஆண்களை நிரந்தரக் குடும்பத்தவர்களாக மாற்றிவிட்டது. மேலே சொன்ன பிள்ளைகளில் பலர் இப்படி வந்தவர்களே. 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு முன்பே குடியமர்ந்தவர்களின் உரிமையைக் காத்தது. ஆனால் அதற்கென அவர்களுக்கு எந்த ஆவணமும் வழங்கவில்லை.

இதன் விளைவு 2018இல் வெளிப்பட்டது. பெற்றோரின் கடவுச்சீட்டில் பெயர் சேர்க்கப்பட்டு வந்த பிள்ளைகள் அறுபது வயதைத் தொட்டிருந்தனர். புதிய சட்டங்கள் வேலை தருபவர், வீட்டுக்காரர், மருத்துவமனை எல்லாரையும் குடியுரிமைச் சான்று கேட்க வைத்தன. உள்துறை இவர்களிடம் வாழ்ந்த ஆண்டுகளுக்கெல்லாம் ஆவணம் கேட்டது. அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் வருகை அட்டைகளை 2010இலேயே அத்துறை அழித்திருந்தது. பலர் வேலையை இழந்தனர், சிலர் நாடு கடத்தப்பட்டனர். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் 2018 ஏப்ரலில் பதவி விலகினார். தாங்கள் குடிமக்கள் என்பதில் அவர்களுக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை என்பதால்தான் பலர் தாள்களைத் தேடிப் பெறவில்லை. இழப்பீட்டுத் திட்டத்தில் மனுச் செய்து விடை வருமுன் இறந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவதை நான் மறைக்க விரும்பவில்லை.

திரும்பியவர்களின் கணக்கு

எல்லாரும் தங்கிவிடவில்லை. ஓய்வுபெற்ற பின் உண்மையிலேயே பெட்டியைக் கீழே இறக்கியவர்கள் உண்டு. ஜமைக்காவின் மலைப்பாங்கான மாண்டெவில் நகரம் இப்படித் திரும்பியவர்களுக்குப் பேர்போனது. அங்கே அக்கம்பக்கத்தார் அவர்களை இங்கிலாந்துக்காரர் என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் லண்டனில் இருக்க, நோய்க்கு மருத்துவம் பார்க்கும் செலவு கைப்பணமாகிவிட, மனைவி ஆண்டில் பாதி அங்கும் பாதி இங்குமாக வாழும் ஏற்பாடு பல குடும்பங்களில் இருக்கிறது.

பிரிட்டனின் ஓய்வூதிய விதியும் இதில் குறுக்கிடுகிறது. வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் தொகை உயர்வது, அந்நாட்டோடு பிரிட்டன் செய்துள்ள உடன்பாட்டைப் பொறுத்தது. ஜமைக்காவும் பார்படோசும் அத்தகைய உடன்பாடு உள்ள நாடுகள். அங்கே திரும்பியவருக்குத் தொகை உயர்ந்துகொண்டே போகும். டிரினிடாடுக்கோ கயானாவுக்கோ திரும்பியவருக்கு அப்படி இல்லை. லண்டனில் ஒரே பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் ஒன்றாக உழைத்து, ஒரே அளவு காப்பீட்டுத் தொகை கட்டிய இரண்டு நண்பர்களில், கிங்ஸ்டனுக்குச் சென்றவரின் ஓய்வூதியம் ஏறுகிறது. ஜார்ஜ்டவுனுக்குச் சென்றவரின் ஓய்வூதியம் அவர் அங்கு சென்றபோது பெற்ற தொகையிலேயே நின்றுவிடுகிறது.